கடைசியாகப் பார்த்த ஆரிஜின்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, எங்கள் அணியில் புதிதாகச் சேர்ந்த பெண் போன் செய்தாள். "அக்கா, புஷ் பண்ணிட்டேன்னு சொன்னீங்க. நான் ஆரிஜின் மெயின்லதான் பார்த்துட்டு இருக்கேன். உங்க கமிட் வரவே இல்லையே?"

நிரலில் செய்யும் மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் கிட் என்ற மென்பொருளைத்தான் நாங்கள் பயன்படுத்துகிறோம். அதில் பதிந்துவைக்கும் ஒவ்வொரு மாற்றமும் ஒரு கமிட். அதைப் பொது சர்வருக்கு அனுப்புவது புஷ், சர்வரில் புதிதாக இருப்பதை எடுத்துவருவது ஃபெட்ச். வேலை ஓடும் ஒவ்வொரு கிளையும் ஒரு பிராஞ்ச், அதில் முதன்மையானது மெயின். நான் புஷ் செய்து பத்து நிமிடம் ஆகியிருந்தது. பிரவுசரில் திறந்து பார்த்தேன், கமிட் இருந்தது. அவளைத் திரையைப் பகிரச் சொன்னேன். தன் லேப்டாப்பில் 'கிட் லாக் ஆரிஜின்/மெயின்' என்று அடித்துக் காட்டினாள். பட்டியலின் உச்சியில் முந்தின நாள் மாலை ஆறு மணிக்குப் போட்ட கமிட். என்னுடையது இல்லை. அவள் பார்த்ததும் உண்மை, நான் பார்த்ததும் உண்மை.

"இன்னிக்கு ஃபெட்ச் பண்ணியா?"

"இல்லைக்கா. ஆரிஜின்னா சர்வர்தானே? சர்வர்லயேதானே பார்க்கிறேன்?"

இந்தக் கேள்வியை எத்தனையோ பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் நானும் கேட்டிருக்கிறேன். கிட்டில் பொது ரெப்போ, அதாவது எல்லோரும் பகிரும் வரலாற்றுக் களஞ்சியம், எப்படி வேலை செய்கிறது என்பதில் பாதி இந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிடுகிறது. அன்றைக்கு போனில் ஐந்து நிமிடத்தில் சொல்லி முடித்தேன். அவளுக்குப் புரிந்தது என்றாலும் எனக்கு மனம் ஆறவில்லை. அதனால் இங்கே நிதானமாக எழுதுகிறேன்.

ஆரிஜின்/மெயின் இருப்பது உங்கள் லேப்டாப்பில். ரெப்போவுக்குள் இருக்கும் புள்ளி-கிட் அடைவில் (ஃபோல்டரில்), ரெஃப்ஸ், அதற்குள் ரிமோட்ஸ், அதற்குள் ஆரிஜின் என்று போனால் அது இருக்கும். 'கடைசியாக சர்வரோடு பேசியபோது, அங்கே மெயின் இந்த இடத்தில் நின்றது' என்று கிட் எழுதிவைத்த குறிப்பு, அவ்வளவுதான். ஃபெட்ச், ஃபெட்ச் செய்து நம் வேலையோடு சேர்க்கும் புல், புஷ் ஆகிய மூன்றும்தான் அந்தக் குறிப்பைத் திருத்தும். வரலாற்றைக் காட்டும் லாக், வித்தியாசத்தைக் காட்டும் டிஃப், நிலவரம் சொல்லும் ஸ்டேட்டஸ் எதுவும் சர்வரை எட்டிப் பார்க்காது. 'உங்கள் பிராஞ்ச் ஆரிஜின்/மெயினோடு சமமாக இருக்கிறது' என்று ஸ்டேட்டஸ் சொன்னாலும், அது அந்தக் குறிப்போடு ஒப்பிட்டுச் சொல்வதுதான். விமானத்தில் உட்கார்ந்து ஸ்டேட்டஸ் அடித்தாலும் இதே பதில் வரும்.

எங்கள் ஊரில் அண்ணாச்சி கடையில் பற்று நோட்டு இரண்டு இருக்கும். கடையில் ஒன்று, எங்கள் வீட்டில் ஒன்று. சாமான் வாங்கப் போகும்போது வீட்டு நோட்டையும் எடுத்துப் போவோம், அண்ணாச்சி இரண்டிலும் எழுதுவார். நடுவில் அப்பா நோட்டில்லாமல் போய் ஒரு கிலோ சர்க்கரை வாங்கி வந்தால் அது வீட்டு நோட்டில் ஏறியிருக்காது. அதற்காக வீட்டு நோட்டில் இருப்பது பொய்யாகிவிடாது. கடைசியாக ஒத்துப் பார்த்த நாள் வரைக்கும் அது சரியான கணக்கு. ஆரிஜின்/மெயின் அந்த வீட்டு நோட்டு.

இதை ஒரு குறை என்றுதான் பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். எல்லாம் உடனுக்குடன் தெரிந்தால் என்ன என்று தோன்றும். இப்போது அப்படி நினைப்பதில்லை. பிரதிகளுக்கு நடுவே இருக்கும் இந்தத் தாமதத்தின் மேல்தான் பொது ரெப்போவின் பாதுகாப்பே நிற்கிறது என்று நம்புகிறேன். ஏன் என்று பின்னால் சொல்கிறேன். முதலில், பொது ரெப்போ என்ற ஏற்பாடே கிட்டுக்குள் எப்படி வந்தது என்று பார்த்துவிடலாம்.

லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலை எழுதும் ஆட்கள் 2002 முதல் பிட்கீப்பர் என்ற மென்பொருளைப் பயன்படுத்திவந்தார்கள். அது அப்போது தனியுரிமை மென்பொருள். கெர்னல் போன்ற திறமூல வேலைகளுக்குச் சில நிபந்தனைகளோடு இலவசமாகக் கொடுத்திருந்தார்கள். 2005 ஏப்ரலில் அந்தச் சலுகை போனது. அந்த மாதத் தொடக்கத்திலேயே, லினக்ஸை உருவாக்கிய லைனஸ் டோர்வால்ட்ஸ் கிட்டை எழுத உட்கார்ந்தார். சில நாட்களிலேயே கிட்டின் மூலநிரல் கிட்டுக்குள்ளேயே வைக்கப்பட்டது. ஜூலையில் ஜூனியோ ஹமானோவிடம் பொறுப்பை ஒப்படைத்தார். இன்றுவரை அவர்தான் பராமரிக்கிறார்.

கெர்னலில் வேலை நடக்கும் விதம் நம் ஆபீஸ் வழக்கத்துக்கு நேர் எதிர். லைனஸின் ரெப்போவுக்குள் ஆயிரம் பேர் வந்து தள்ளுவதில்லை. ஒவ்வொரு பிரிவின் பொறுப்பாளரும் தன் ரெப்போவைத் தன் இடத்தில் வைத்துக்கொண்டு, 'இன்ன ரெப்போவில் இன்ன பிராஞ்ச் தயார், எடுத்துக்கொள்ளுங்கள்' என்று மின்னஞ்சல் எழுதுவார். பிடித்தால் லைனஸ் இழுத்துக்கொள்வார். எழுதுகிறவர் தன் வீட்டில் எழுதுகிறார், வேண்டியவர் வந்து எடுத்துப் போகிறார். புல் ரிக்வெஸ்ட் என்ற பெயருக்கு இதுதான் நேரான பொருள். இந்த முறையில், ஒரே இடத்தில் பலர் எழுதுவதால் வரும் சண்டைக்கே இடமில்லை.

நாமோ சிவிஎஸ், சப்வெர்ஷன் என்ற பழைய மென்பொருள்களின் பழக்கத்திலிருந்து வந்தவர்கள். நடுவில் ஒரு சர்வர், எல்லோரும் அதில் எழுதுவோம் என்பதுதான் நமக்குத் தெரிந்த உலகம். கிட்டிலும் அதையே செய்யலாம். ஒரு ரெப்போவை ஒரு பொது மெஷினில் வைத்து, பலருக்கு எழுதும் உரிமை கொடுத்தால் போதும். ஆனால் அந்த ரெப்போவுக்கென்று தனிப் பிறப்பு எதுவும் கிடையாது. என் லேப்டாப்பில் இருப்பதும் அதுவும் ஒரே சாதி. நாளை எல்லோரும் என் லேப்டாப்பை ஆரிஜின் என்று வைத்துக்கொண்டால் என்னுடையதுதான் பொது ரெப்போ. 'நாம் சந்திக்கும் இடம் இது' என்று ஐந்து பேர் பேசிவைத்துக்கொண்டதுதான் அதன் தகுதி.

ஒரே சாதிதான் என்று சொல்லிவிட்டேன். ஒரு வித்தியாசம் உண்டு. அதை நான் கற்றுக்கொண்டது 2010இல், கோவையில் ஒரு சின்ன ஆபீஸில்.

அங்கே ஐந்து பேர். சப்வெர்ஷனை விட்டுவிட்டு கிட்டுக்கு மாறியிருந்தோம். சர்வர் என்று தனியாக எதுவும் இல்லை. எங்களில் மூத்தவர் தன் மெஷினில் வேலை செய்துகொண்டிருந்த அதே அடைவையே ஆரிஜினாக வைத்துக்கொண்டோம். மற்ற நால்வரும் அங்கே தள்ளுவோம். முதல் இரண்டு நாள் எந்தச் சிக்கலும் இல்லை. மூன்றாம் நாள் மாலை, நாலு பேர் செய்த வேலையும் மாஸ்டரில் (மெயின் பிராஞ்சுக்கு அன்றைய பெயர்) இல்லை. லாகில் எல்லா கமிட்டும் வரிசையாக இருக்கிறது, கோப்பைத் திறந்தால் பழையபடி இருக்கிறது. எங்களுக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை.

நடந்தது இதுதான். நாங்கள் தள்ளியபோது அவருடைய மாஸ்டர் பிராஞ்ச் புதிய கமிட்டுக்கு நகர்ந்துவிட்டது. ஆனால் அவர் அடைவில் விரிந்து கிடந்த கோப்புகளும், அடுத்த கமிட்டில் என்ன சேரும் என்று குறித்துவைக்கும் இண்டெக்ஸும் பழையபடியே இருந்தன. கிட் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, அவர்தான் எங்கள் மாற்றங்களை எல்லாம் வேண்டுமென்றே பின்வாங்கியிருக்கிறார் என்று எடுத்துக்கொண்டது. ஸ்டேட்டஸில் அது 'கமிட் செய்யத் தயார்' என்றே காட்டியிருக்கிறது. அவர் தன் ஒரு வரித் திருத்தத்தைச் சேர்த்துக் கமிட் அடித்தார். அந்த ஒரு கமிட்டில் எங்கள் மூன்று நாள் வேலையும் திரும்பிப் போய்விட்டது.

யார் மேலும் தப்பில்லை. எங்கள் மெஷின்களில் இருந்தது பழைய கிட். 2010 பிப்ரவரியில் வந்த 1.7.0 முதல், யாராவது எடுத்து வைத்து வேலை செய்துகொண்டிருக்கும் பிராஞ்சுக்குள் வெளியிலிருந்து தள்ளினால் கிட் மறுத்துவிடும். அந்த மறுப்பை இன்றைக்கும் சிலர் ஏதோ தொந்தரவு என்று நினைத்து, செட்டிங்கில் அணைத்துவிட்டுத் தள்ளுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அந்த மூன்றாம் நாள் மாலை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அதனால்தான் பொது ரெப்போ 'பேர்' ரெப்போவாக இருக்கவேண்டும். ஆங்கிலத்தில் பேர் (bare) என்றால் வெறும் என்று பொருள். கோப்புகளை விரித்துவைத்து வேலை செய்யும் இடம் அதில் இருக்காது. சாதாரண ரெப்போவில் புள்ளி-கிட் அடைவுக்குள் ஒளிந்திருக்கும் சரக்கு மட்டும் நேராக வெளியில் இருக்கும். யாரும் அங்கே உட்கார்ந்து எழுதுவதில்லை, ஆகவே யாருடைய கைவேலையும் கலைவதற்கில்லை. அடைவின் பெயர் புள்ளி-கிட் என்று முடிவது வழக்கம்.

அடுத்த வாரம் ஒரு பழைய டெஸ்க்டாப்பைச் சுத்தம் செய்து, அதில் ஒரு பேர் ரெப்போ வைத்தோம். அப்புறம் வந்தது பெர்மிஷன் பிரச்சினை. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியே ஆகவேண்டும், ஏனென்றால் கிட் தன் சரக்கை எப்படி அடுக்குகிறது என்பதை அதுதான் எனக்குக் காட்டிக்கொடுத்தது.

ஐந்து பேரையும் ஒரே குரூப்பில் போட்டு, ரெப்போ அடைவு முழுவதையும் குரூப் எழுதலாம் என்று ஒருமுறை மாற்றிவிட்டோம். முடிந்தது என்று நினைத்தோம். ஆனால் இரண்டு நாள் கழித்து ஒருவருக்குப் புஷ் போகிறது, இன்னொருவருக்குப் போகவில்லை. 'ஆப்ஜெக்ட் சேர்க்க அனுமதி போதவில்லை' என்று வருகிறது. காலையில் போகாதவருக்கு மாலையில் இன்னொரு கமிட்டோடு சேர்த்து முயன்றாலும் போகவில்லை. அதே ஆள் வேறு பிராஞ்சைத் தள்ளினால் போகிறது. இதைவிட விசித்திரம், பெரிய புஷ் போகிறது, சின்னப் புஷ்தான் முரண்டு பிடிக்கிறது.

காரணம் இது. கிட் ஒவ்வொரு பொருளுக்கும் (ஆப்ஜெக்ட்), கோப்பின் உள்ளடக்கமோ அடைவோ கமிட்டோ எதுவானாலும், அதன் உள்ளே இருப்பதை வைத்து 40 இலக்க எண் ஒன்றைக் கணக்கிடுகிறது. அந்த எண்ணின் முதல் இரண்டு இலக்கத்தை அடைவின் பெயராக வைத்து, மீதி 38ஐக் கோப்பின் பெயராக வைத்துச் சேமிக்கிறது. எண் பதினாறின் அடிப்படையில் இருப்பதால் இப்படி 256 அடைவுகள் வரலாம். நாங்கள் பெர்மிஷன் மாற்றிய அன்று அதில் கொஞ்சம்தான் உருவாகியிருந்தன. அதற்குப் பிறகு யார் தள்ளும்போது எந்த அடைவு புதிதாகப் பிறந்ததோ, அது அந்த ஆளுக்கு மட்டும் சொந்தமாகப் பிறந்தது. இன்னொருவரின் கமிட் எண் தற்செயலாக அதே இரண்டு இலக்கத்தில் தொடங்கினால் கதவு மூடியிருக்கும். பெரிய புஷ் மட்டும் தப்பித்ததற்கும் காரணம் உண்டு. 100 பொருளுக்குக் குறைவாக வந்தால் கிட் ஒவ்வொன்றையும் பிரித்து அந்த அடைவுகளில் போடும். அதற்கு மேல் வந்தால் பிரிக்காமல் ஒரே மூட்டையாக பேக் என்ற அடைவில் வைத்துவிடும். அந்த அடைவை நாங்கள் முதல் நாளே திறந்துவிட்டிருந்தோம்.

இதற்கு மருந்து கிட்டிலேயே இருக்கிறது. ரெப்போவை உருவாக்கும்போதே 'ஷேர்ட், குரூப்' என்று சொல்லிவிட்டால், இனிப் பிறக்கும் அடைவும் கோப்பும் குரூப்புக்கே சொந்தமாகும்படி அது பார்த்துக்கொள்ளும். ஒரே வரி. அது தெரியாமல் எங்களுக்கு நான்கு நாள் போனது. ஆனால் அந்த நான்கு நாளில் ஆப்ஜெக்ட் அடைவுக்குள் போய் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்ததில்தான், பொது ரெப்போவில் உண்மையிலேயே 'பொது' எது என்று கண்டுகொண்டேன்.

ஆப்ஜெக்ட்டுகளில் சண்டை வர வழியே இல்லை. என் கமிட்டின் பெயர் அதன் உள்ளடக்கத்திலிருந்து வருவது, உங்களுடையதும் அப்படியே. ஐந்து பேர் ஒரே நேரத்தில் ஆயிரம் ஆப்ஜெக்ட்டைக் கொட்டினாலும் ஒன்றை ஒன்று அழிக்காது. ஒரே கோப்பை இரண்டு பேர் போட்டால் இரண்டுக்கும் ஒரே பெயர்தான், ஒரு பிரதிதான் இருக்கும். சண்டை முழுவதும் வேறு இடத்தில். மெயின் என்ற பெயர் எந்தக் கமிட்டைச் சுட்டுகிறது என்பதில். வழக்கமான ரெப்போவில் ரெஃப்ஸ், ஹெட்ஸ் அடைவுக்குள் போய் அந்தக் கோப்பைத் திறந்து பாருங்கள். 40 இலக்கமும் வரி முடிவும், மொத்தம் 41 பைட். ஐந்து பேர் ஆனாலும் ஐயாயிரம் பேர் ஆனாலும், ஒரு பொது பிராஞ்சில் எல்லோரும் உண்மையில் பங்கிட்டுக்கொள்வது இந்த 41 பைட்டைத்தான். பிராஞ்சுகள் நிறையச் சேர்ந்தால் கிட் பல பெயர்களை ஒரே கோப்பில் கட்டிவைக்கும், ஆனாலும் விஷயம் இதுவே.

புஷ் என்றால் இரண்டு வேலை. முதலில் சர்வரில் இல்லாத ஆப்ஜெக்ட்டுகளை அனுப்புவது. அடுத்து, 'மெயின் இப்போது இந்தக் கமிட்டில் நிற்கிறது, இதை அந்தக் கமிட்டுக்கு நகர்த்து' என்று கேட்பது. கேட்கும்போது பழைய எண்ணையும் சொல்லியாகவேண்டும். அதற்குள் வேறொருவர் நகர்த்தியிருந்தால் பழைய எண் ஒத்துவராது, சர்வர் மறுத்துவிடும். இப்படித்தான் யாரும் முன்கூட்டியே பூட்டிவைக்காமலே ஐந்து பேர் ஒரு பெயரை நகர்த்தமுடிகிறது.

எல்லோருக்கும் பழக்கமான அந்த மறுப்பு, 'நான்-ஃபாஸ்ட்-ஃபார்வர்ட்', இதிலிருந்து கொஞ்சம் வேறு. சர்வரில் இருக்கும் கமிட் உங்கள் வரலாற்றுக்குள் இல்லை, இதை நகர்த்தினால் அது தொலைந்துபோகும் என்று எச்சரிப்பது. பலருக்குத் தெரியாத விஷயம், இந்த எச்சரிக்கையை வழக்கமாகக் கொடுப்பது உங்கள் மெஷினில் இருக்கும் கிட். தனியாகச் சொல்லிவைக்காவிட்டால் சர்வர் பக்கத்துக் கிட் இதைத் தடுக்காது. எச்சரிக்கையை மீறித் தள்ளு என்று ஃபோர்ஸ் போட்டால் உங்கள் கிட் வழிவிடும், சர்வரும் ஏற்றுக்கொள்ளும். மேலே சொன்ன 'ஷேர்ட்' ரெப்போவில் மட்டும் இந்தத் தடை தானாகவே போடப்பட்டிருக்கும். ரெப்போக்களை இணையத்தில் வைத்துக்கொள்ளும் கிட்ஹப் போன்ற இடங்களில் பிராஞ்சைப் பாதுகாப்பது நாம் தேடிப்போய்ச் செய்யவேண்டிய காரியம்.

ஃபோர்ஸ் என்ன செய்யும் என்பதற்கு 2013 நவம்பரில் ஜென்கின்ஸ் என்ற திறமூல மென்பொருள் திட்டத்தில் நடந்ததைச் சொல்லலாம். பங்களிப்பாளர் ஒருவரின் மெஷினிலிருந்து, தெரியாமல், கிட்ஹப்பில் இருந்த 150க்கும் மேற்பட்ட ரெப்போக்களுக்கு ஃபோர்ஸ் புஷ் போய்விட்டது. அவரிடம் இருந்தவை பழைய பிரதிகள், ஆகவே பிராஞ்சுகள் எல்லாம் பின்னோக்கி நகர்ந்தன. செய்தி கேட்டவர்களுக்கு வயிறு கலங்கியிருக்கும். ஆனால் ஆப்ஜெக்ட் ஒன்றும் அழியவில்லை. பெயர்கள்தான் வேறு இடத்துக்குப் போயிருந்தன. பெயர் முன்பு எங்கே நின்றது என்று தெரிந்தால் போதும். கிட்ஹப் உதவியோடு அதைத் தேடி எடுத்து மீட்டார்கள்.

நம் சொந்த சர்வரில் அந்தத் தகவல் இருக்குமா? நம் லேப்டாப்பில் பெயர் நகர்ந்த ஒவ்வொரு முறையும் ரெஃப்லாக் என்ற குறிப்பில் ஏறும். ஆரிஜின்/மெயின் நகர்வதும் ஏறும். ஆனால் பேர் ரெப்போவில் ரெஃப்லாக் இயல்பாகவே அணைந்திருக்கும். பொது ரெப்போ வைப்பவர்கள் முதல் வேலையாக அதைப் போட்டுவிடவேண்டும் என்பேன்.

ஆனால் என்னை அதிகம் யோசிக்கவைத்தது அதே 2013 மார்ச்சில், லினக்ஸ் டெஸ்க்டாப் மென்பொருள் எழுதும் கேடிஈ திட்டத்தில் நடந்ததுதான். அவர்களுடைய முதன்மை கிட் சர்வரில் சுமார் 1,500 ரெப்போக்கள். பராமரிப்புக்காக நிறுத்தித் திரும்ப ஏற்றியபோது கோப்பமைப்பு கெட்டுப்போயிருந்தது தெரியவந்தது. கவலை இல்லை, உலகின் பல இடங்களில் மிரர் சர்வர்கள் இருக்கின்றன என்று போய்ப் பார்த்தால், அவை எல்லாம் கெட்டதையும் உண்மையாகவே நகலெடுத்து வைத்திருந்தன. மிரரின் வேலையே அதுதானே. முதன்மையில் ஒன்று இல்லாமல் போனால் தன்னிடமும் அதை இல்லாமல் செய்துவிடும். கடைசியில் ஒரே ஒரு சர்வரில் மட்டும் எல்லாம் நல்லபடியாக இருந்தது. அதிலிருந்துதான் திட்டம் பிழைத்தது.

தாமதத்தின் மேல் பாதுகாப்பு நிற்கிறது என்று முதலில் சொன்னேனே, இதைத்தான். சர்வரோடு ஒட்டியே நகரும் பிரதி, சர்வர் விழும்போது கூடவே விழுகிறது. ஐந்து நாளாகத் தொடாத ஒரு லேப்டாப்பில் ஐந்து நாளுக்கு முந்தைய வரலாறு முழுசாக இருக்கிறது. 2011 ஆகஸ்டில், கெர்னல் மூலநிரலை வெளியிடும் கெர்னல்-டாட்-ஆர்க் சர்வர்களுக்குள் யாரோ புகுந்தது தெரிந்தபோதும் கெர்னல் மூலநிரலைப் பற்றி யாரும் பெரிதாகப் பதறாததற்கு இதுவே காரணம். ஆயிரக்கணக்கான மெஷின்களில் பிரதி இருந்தது. ஒவ்வொரு கமிட்டின் எண்ணும் தனக்கு முந்தியதன் எண்ணை உள்ளடக்கியே கணக்கிடப்படுவது. சர்வரில் பழைய வரி ஒன்றைத் திருத்தினால் அதற்குப் பின்னால் வந்த எல்லா எண்ணும் மாறிப்போகும், அடுத்து இழுக்கிறவருக்குத் தெரிந்துவிடும்.

அந்தப் பெண்ணிடம் அன்றைக்கு இவ்வளவும் சொல்லவில்லை. ஃபெட்ச் அடிக்கச் சொன்னேன். மூன்று வரி வந்தது, லாகில் என் கமிட் உச்சிக்கு வந்து நின்றது. "ஓ, இப்பத்தான் போய்ப் பார்த்துட்டு வருதா," என்றாள். அவ்வளவுதான் விஷயம்.

மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, வெளியீட்டுக்காக வைத்திருந்த பிராஞ்சில் யாரோ எடிட்டரிலிருந்து ஃபோர்ஸ் புஷ் செய்துவிட்டார்கள். மெயினுக்குப் பாதுகாப்பு இருந்தது, இதற்கு இல்லை. முந்தின நாள் மாலை மூன்று பேரின் வேலையை அதில் ஒன்றாக இணைத்து (மெர்ஜ்) தள்ளியவர் ஊருக்குப் போகும் பஸ்ஸில், லேப்டாப் பையில். எனக்கு அவளுடைய ஞாபகம் வந்தது. தினமும் வீட்டுக்குக் கிளம்பும் முன் ஃபெட்ச் அடித்துவிட்டுத்தான் போவதாக அவள் சொல்லியிருந்தாள். போன் செய்தேன்.

"லேப்டாப் எங்கே?"

"வீட்லதான்க்கா. நேத்து மூடினது, இன்னும் திறக்கலை."

"திற. ஃபெட்ச் மட்டும் பண்ணிடாதே. ஆரிஜின்/வெளியீடு எங்கே நிற்குதுன்னு பார்த்துச் சொல்லு."

எடிட்டர் தானாக ஃபெட்ச் செய்துவிடுமோ என்று அவளே கேட்டு, எடிட்டரைத் திறக்காமல் டெர்மினலில் போய்ப் பார்த்தாள். முந்தின நாள் மாலை மெர்ஜ் அங்கேயே நின்றது. அதன் மேல் ஒரு புது பிராஞ்ச் போட்டு சர்வருக்குத் தள்ளினாள். புஷ் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்தது. மூன்று பேரின் வேலையும் திரும்ப வந்தது.

"இப்ப ஃபெட்ச் பண்ணலாமாக்கா?" என்று கேட்டாள்.